போனஸ் பணமும் புது கால்பந்து ஆட்டமும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பவர் டேபிளில் டெய்லராக இருக்கிறேன். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். மகன் பத்தாம் வகுப்பு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, தான் வைத்திருந்த பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் மிஷினையும் ஃபிஃபா 22 என்ற கால்பந்து ஆட்ட டிஸ்க்கையும் இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்குக் கொடுத்தான். இப்போது அந்த வரிசையில் புதிதாக எஃப்சி 26 வந்திருக்கிறது, தீபாவளிக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "கூட்டாளிக எல்லாம் புதுசுக்குப் போயிட்டாங்க, என்னால அவங்களோட ஆட முடியலை" என்கிறான். கடையில் நாலாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். என் ஒரு வாரச் சம்பளம் அதிலேயே போய்விடும். தம்பியைக் கேட்டால், "அதே ஆட்டந்தான்க்கா, பேரை மாத்தி விக்கறான், இலவசமாவே ஒண்ணு இருக்கு" என்கிறான். போனஸ் வந்ததும் வாங்கிக் கொடுக்கலாமா? பரீட்சை வருஷம் என்பதும் மனதை உறுத்துகிறது.

பதில் (கோவை காந்திபுரத்தில் 14 ஆண்டுகளாக கேம் கன்சோல் விற்பனையும் சர்வீஸும் செய்பவர்):

அக்கா, பையன் சொன்ன அந்த ஒரு வரியிலேயே உங்களுக்கான பதிலில் பாதி இருக்கிறது. கூட்டாளிகளோடு ஆட முடியவில்லை என்கிறான் அல்லவா? அந்தக் கூட்டாளிகள் வீட்டில் என்ன மிஷின் இருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரியே கேட்டுவிடுங்கள். பிஎஸ்4-ஆ, பிஎஸ்5-ஆ? இது தெரியாமல் டிஸ்க் வாங்கப் போகாதீர்கள்.

ஏன் என்றால், வேறு வேறு கம்பெனி மிஷின் வைத்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆன்லைனில் ஆடும் வசதி இந்த ஆட்டத்துக்கு 2022-இல், ஃபிஃபா 23-இல் வந்தது. ஆனால் அதைத் தலைமுறை பிரித்துத்தான் கொடுத்தார்கள். பிஎஸ்4-உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் ஒரு கூட்டம். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கம்ப்யூட்டர் எல்லாம் இன்னொரு கூட்டம். இந்தக் கூட்டத்துப் பையன் அந்தக் கூட்டத்துப் பையனோடு மேட்ச் ஆட முடியாது. பிஎஸ்5 வைத்திருப்பவன் தன் மிஷினில் பிஎஸ்4 பதிப்பை ஏற்றினால் ஆடலாம்தான். ஆனால் புது மிஷின் வாங்கியவன் யார் பழைய பதிப்பை ஏற்றப் போகிறான்?

போன தீபாவளி கழிந்த வாரம், கிணத்துக்கடவு பக்கமிருந்து ஒரு அப்பாவும் மகனும் என் கடைக்கு வந்தார்கள். வேறு எங்கோ வாங்கிய புது டிஸ்க், சீல் உடைத்தாகிவிட்டது. "மிஷின்ல ஏதோ கோளாறுங்க, பசங்களோட கனெக்ட் ஆக மாட்டேங்குது" என்றார் அப்பா. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. பையனின் நண்பர்கள் நாலு பேரும் பிஎஸ்5. சீல் உடைத்த டிஸ்க்கை எந்தக் கடையும் முழு விலைக்குத் திரும்ப எடுக்காது. அந்தப் பையன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவன் நின்ற நிலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. உங்கள் மகனுக்கு அப்படி ஆக வேண்டாம்.

சரி, என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு பிஎஸ்4-க்கு எஃப்சி 26-ஐ முழு விலை கொடுத்து தீபாவளிக்கு வாங்க வேண்டாம். அதற்காகப் பழைய ஃபிஃபா 22-ஐயே ஓட்டிக்கொண்டிரு என்றும் சொல்லாதீர்கள். போன வருடத்து எஃப்சி 25, பிஎஸ்4 டிஸ்க், செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுங்கள். புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கூட்டாளிகளும் பிஎஸ்4-தான், அவர்களிடம் இருப்பது எஃப்சி 26-தான், ஆன்லைனில்தான் ஆடுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் கணக்கு மாறும். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடைக்காரர்கள் பலர் புது ஃபிஃபா என்பார்கள், பையன் எஃப்சி என்கிறான், தம்பி இலவசம் என்கிறார். 1993 டிசம்பரிலிருந்து இஏ என்ற அமெரிக்க கம்பெனி ஃபிஃபா என்ற பெயரில் இந்த ஆட்டத்தை விற்றுவந்தது. உலகக் கோப்பை நடத்தும் ஃபிஃபா அமைப்போடு செய்திருந்த பெயர் ஒப்பந்தம் முடிந்துபோனது. அதனால் 2022-இல் வந்த ஃபிஃபா 23 அந்தப் பெயரில் வந்த கடைசி ஆட்டம். 2023 செப்டம்பரிலிருந்து அதே கம்பெனி, அதே ஆட்ட வரிசை, எஃப்சி 24, எஃப்சி 25 என்று வருகிறது. எஃப்சி 26 வந்தது 2025 செப்டம்பர் 26. ஆகவே ஃபிஃபா 26 என்று யாராவது விற்றால் பெட்டியை வாங்கிப் பாருங்கள். தம்பி சொன்ன இலவச ஆட்டம் ஈஃபுட்பால். அது ஜப்பானில் உள்ள கொனாமி கம்பெனியுடையது. நம் வயதுக்காரர்கள் பிஎஸ்2 காலத்தில் வின்னிங் லெவன் என்று விழுந்து விழுந்து ஆடியதன் வாரிசு. 2021-இல் பெயரை மாற்றி இலவசமாக்கினார்கள். வெளியான நாளில் அது படுமோசமாக இருந்தது. வீரர்களின் முகமெல்லாம் கோணிக்கொண்டு நின்றதைப் பார்த்து உலகமே சிரித்தது. பிறகு திருத்தித் திருத்தி இப்போது உட்கார்ந்து ஆடும்படி ஆக்கிவிட்டார்கள்.

"அதே ஆட்டம்தான்" என்று தம்பி சொன்னதில் எவ்வளவு உண்மை? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் இதில்தான் போகிறது.

உங்களுக்குத் தெரியாததா அக்கா? போன வருட பேட்டர்னையே வைத்து, பிரிண்ட்டையும் கலரையும் மட்டும் மாற்றி இந்த வருட ஆர்டரை ஓட்டிவிட முடியும். கால்பந்து ஆட்டத்திலும் அது நடந்திருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற மிஷினுக்கு ஃபிஃபா 20 முதல் 23 வரை நான்கு வருடமும் லெகசி எடிஷன் என்று பெயர் போட்டு விற்றார்கள். ஜெர்சியும் வீரர் பட்டியலும் மட்டும் புதுசு, மற்றதெல்லாம் பழசு என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். பிஎஸ்4 பதிப்பு அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் பெரிய முன்னேற்றங்கள் பிஎஸ்4-க்கு வருவது 2021-இலேயே நின்றுவிட்டது. ஃபிஃபா 22 வந்தபோது, 22 வீரர்களுக்கும் சென்சார் வைத்த உடையை மாட்டி முழு மேட்ச் ஆடவைத்து, அந்த ஓட்டத்தையும் உதையையும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஹைப்பர்மோஷன் என்று பெயர். பிஎஸ்5 மாதிரி புது மிஷின்களுக்குத்தான் அது கிடைத்தது, பிஎஸ்4-க்கு இல்லை. எஃப்சி 24-இல் 180-க்கும் மேற்பட்ட நிஜ மேட்சுகளின் பதிவிலிருந்து வீரர்களின் அசைவை எடுத்தார்கள். அதுவும் பிஎஸ்4-க்கு வரவில்லை. உங்கள் பையன் போனில் பார்த்து ஏங்கும் விளம்பர வீடியோ எல்லாம் பிஎஸ்5-இல் எடுத்தது. அந்த ஆட்டம் உங்கள் வீட்டு டிவியில் அப்படி வராது. இதை அவனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வேண்டாம், இந்த மிஷினுக்கு வேறு பதிப்பு என்று சொன்னால் போதும்.

அதே நேரம் பையன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபிஃபா 22-இல் மெஸ்ஸி பாரிஸ் அணியில் இருக்கிறார், ரொனால்டோ மான்செஸ்டர் யுனைடெட்டில். நிஜத்தில் மெஸ்ஸி அமெரிக்காவுக்கும் ரொனால்டோ சவுதிக்கும் போய் வருடக்கணக்கில் ஆகிறது. எம்பாப்பே 2024-இலேயே ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். இப்போதைய பிள்ளைகள் தலையில் வைத்து ஆடும் லமீன் யமால் அந்த டிஸ்க்கில் கிடையவே கிடையாது. பார்சிலோனாவுக்கு அவர் முதலில் இறங்கியது 2023 ஏப்ரலில், 15 வயதில். உங்கள் மகன் வயது. தன் வயதில் இறங்கிய ஒருவனை வைத்து ஆட வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்படுவது பிடிவாதம் ஆகாது. அந்த ஆசையை எஃப்சி 25 தீர்த்துவிடும். யமால் அதில் பார்சிலோனாவில் இருக்கிறார், எம்பாப்பே மாட்ரிட்டில் இருக்கிறார். 25-க்கும் 26-க்கும் நடுவில் பிஎஸ்4 பதிப்பில் உள்ள வித்தியாசத்துக்காக மூன்று மடங்கு விலை கொடுக்க என் மனம் ஒப்பாது.

எஃப்சி 26 நல்ல ஆட்டமா என்று கேட்டால், நல்ல ஆட்டம்தான். ஆன்லைனில் போட்டிக்கு ஆடுபவர்களுக்கு வேகமாகவும், வீட்டில் தனியாக லீக் ஓட்டுபவர்களுக்கு நிஜ மேட்ச் போல நிதானமாகவும் இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் ஆட்டக்காரர்கள் கேட்டுவந்தது அது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் புது ஆட்டத்தை வந்த வாரத்தில் எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் செய்வது இதுதான்: கடையில் இரண்டு டிவியை அருகருகே வைத்து, ஒன்றில் போன வருட ஆட்டம், இன்னொன்றில் புதுசு. ஒரே இரண்டு அணிகளை எடுத்துக் குறைந்தது பத்து மேட்ச். முதல் மூன்று மேட்சில் புது மெனு, புது வர்ணனை, புல்லின் பளபளப்பு இதெல்லாம் கண்ணை மறைத்துவிடும். ஆறாவது ஏழாவது மேட்சில்தான் உண்மை வெளியே வரும். கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்து யார் காலுக்குப் போகிறது, பாஸ் கொடுத்த கணத்தில் கம்ப்யூட்டர் எந்தத் தடுப்பாட்டக்காரனை நம் கையில் கொடுக்கிறது, ஒரே ஓரமாக ஓடி ஒரே மாதிரி கோல் போட முடிகிறதா என்று பார்ப்பேன். கடைசியில் சொன்னது முடிகிறது என்றால் அந்த ஆட்டம் ஒரு மாதத்தில் சலித்துவிடும். அதற்குள் கம்பெனியும் திருத்தம் மேல் திருத்தமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். செப்டம்பரில் ஆடிய ஆட்டமும் டிசம்பரில் ஆடும் ஆட்டமும் ஒன்றாக இருக்காது. பொறுத்து வாங்குபவருக்கு விலையும் குறைகிறது, ஆட்டமும் செப்பமாகிக் கிடைக்கிறது.

பையனே ஆடிப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று நினைத்தால் அதற்கும் வழி உண்டு. இஏ பிளே என்று ஒரு மாதச் சந்தா இருக்கிறது. சில நூறு ரூபாய்தான். அதில் புது ஆட்டத்தை 10 மணி நேரம் ஆடிப் பார்க்கலாம், பழைய வருட ஆட்டங்கள் பலவும் கிடைக்கும். ஒரு மாதம் மட்டும் எடுத்து, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். இன்னொன்றும் கவனித்தேன். ஃபிஃபா 22-ஐ 2022 மே மாதமும், எஃப்சி 24-ஐ 2024 மே மாதமும் பிளேஸ்டேஷன் பிளஸ் (பிஎஸ் பிளஸ்) என்ற சந்தா கட்டுபவர்களுக்கு அந்தச் சந்தாவோடு சேர்த்தே கொடுத்தார்கள். ஒவ்வொரு வருடமும் கொடுப்பார்கள் என்று நம்பி உட்கார முடியாது. ஆனால் எட்டு மாதத்தில் இந்த டிஸ்க்கின் மதிப்பு எங்கே போய் நிற்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு டிஸ்க்கின் விலையை விடப் பெரிய கவலை. தயவு செய்து வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இந்த ஆட்டத்துக்குள் அல்டிமேட் டீம் என்று ஒரு பகுதி இருக்கிறது. 2009-இல் தொடங்கியது. அதில் நமக்கென்று ஒரு அணி சேர்க்க வேண்டும். வீரர்கள் பேக் என்ற மூடிய உறைக்குள் வருவார்கள். உறையைப் பிரித்தால்தான் உள்ளே மெஸ்ஸியா, பேர் தெரியாத ஒருவரா என்பது தெரியும். மேட்ச் ஆடிச் சம்பாதித்த காயினில் உறை வாங்கலாம். நிஜப் பணம் கொடுத்து எஃப்சி பாயிண்ட்ஸ் வாங்கி, அதில் உறை வாங்கவும் செய்யலாம். பெரிய வீரர் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஃபிஃபா 19-இலிருந்து திரையிலேயே போடுகிறார்கள். பிள்ளைகள் கனவு காணும் வீரர்களுக்கு நேரே இருப்பது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்ற வரிதான். 2021 நிதியாண்டில் மட்டும் அல்டிமேட் டீமில் அந்த கம்பெனிக்கு வந்த வருமானம் 160 கோடி டாலருக்கு மேல். டிஸ்க்கின் விலை உள்ளே நுழையும் டிக்கெட் மட்டும்தான், வியாபாரமே உள்ளே நடக்கிறது.

நம் ஊரில் 2003-க்கு முன் லாட்டரிக் கடைகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, வீட்டுக்கு வருவதற்குள் பாதியைச் சுரண்டித் தொலைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். உறையைப் பிரிக்கும்போது விளக்கு மின்னுவதும், இந்தத் தடவை வந்துவிடும் என்று நெஞ்சு அடித்துக்கொள்வதும் அதே சங்கதிதான். பெல்ஜியத்தில் 2018-இல் இதைச் சூதாட்டம் என்று அரசின் ஆணையம் சொன்னது. 2019 தொடக்கத்தில் அந்த நாட்டில் பாயிண்ட்ஸ் விற்பதை கம்பெனி நிறுத்திக்கொண்டது. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டார்கள், 2022-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. நாடுகளே இன்னும் ஒரு முடிவுக்கு வராத விஷயம் இது. அதோடு இன்னொன்று: இப்படிச் சேர்த்த அணி அடுத்த செப்டம்பரில் புது ஆட்டத்துக்குக் கூடவே வராது. அங்கே மறுபடியும் முதலிலிருந்து.

அல்டிமேட் டீமே ஆடக் கூடாது என்று சொல்ல மாட்டேன். பணம் போடாமல் பொறுமையாக அணி சேர்க்கும் பிள்ளைகளையும் நிறையப் பார்க்கிறேன், அவர்கள் நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் உங்கள் வீட்டு மிஷின் தம்பியிடமிருந்து வந்தது. அதில் இருக்கும் அக்கவுண்ட் யாருடையது? தம்பியின் அக்கவுண்டிலேயே பையன் ஆடிக்கொண்டிருந்தால், தம்பியின் கார்டு விவரம் உள்ளே இன்னும் இருக்கலாம். முதல் வேலையாகத் தம்பிக்கு போன் போட்டு அதை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் பெயரில் ஒரு அக்கவுண்ட் திறந்து, அதன் கீழ் பையனுக்குச் சிறுவர் அக்கவுண்ட் ஒன்று போடுங்கள். மாதச் செலவு வரம்பைப் பூஜ்யம் என்று வைக்கும் வசதி அதில் உண்டு. எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதையும் அங்கேயே குறிக்கலாம். ஆட்டத்துக்குள்ளும் பிளேடைம் என்று ஒரு பகுதி இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மேட்ச், எத்தனை உறை, எவ்வளவு பாயிண்ட்ஸ் என்று அதில் வரம்பு போடலாம். இதையெல்லாம் பையனுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

ஈஃபுட்பால் இலவசம் என்றாலும் அதிலும் இதே உறை வியாபாரம் இருக்கிறது. இலவச ஆட்டத்துக்கு வருமானமே அதுதானே. மற்றபடி ஆடிப் பார்ப்பதில் நட்டமில்லை. பிஎஸ் பிளஸ் சந்தா இல்லாமலே அதை ஆன்லைனில் ஆடலாம், ஏனென்றால் இலவச ஆட்டங்களுக்கு அந்தச் சந்தா தேவையில்லை. எஃப்சி 25 ஆகட்டும், 26 ஆகட்டும், ஆன்லைனில் நண்பர்களோடு ஆட அந்தச் சந்தா கட்டாயம். டிஸ்க் வாங்கிக் கொடுத்த பிறகு பையன் இரண்டாவதாக அதைத்தான் கேட்பான், இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் வீட்டுக்கு வந்து ஒரே டிவியில் இரண்டு கன்ட்ரோலர் வைத்து ஆடினால் சந்தா எதுவும் வேண்டாம். என் கண்ணுக்கு இந்த ஆட்டத்தின் முழு ருசியும் அதில்தான் இருக்கிறது. கோல் விழுந்ததும் பக்கத்தில் இருப்பவனின் தோளைப் பிடித்து உலுக்க முடியுமே!

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கும்போது பெட்டியின் மேல் பிஎஸ்4 என்று இருப்பதைப் பாருங்கள். பிஎஸ்5 டிஸ்க் உங்கள் மிஷினில் ஓடாது, இதில் ஏமாந்து வருபவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. டிஸ்க்கை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும் மெல்லிய கோடுகள் பரவாயில்லை. வட்டத்தின் வாக்கிலேயே வளைந்து போகும் கீறல் இருந்தால் வேண்டாம். ஆட்டத்துக்குள் இலவசப் பொருள் வாங்கப் பெட்டிக்குள் வைத்திருக்கும் கோட் எண் தாளுக்கு மதிப்பில்லை, முதலில் வாங்கியவர் அதை உபயோகித்திருப்பார். வாங்கின அன்றைக்கே மிஷினில் போட்டு, ஏறி முடிந்து ஒரு மேட்ச் ஆடும் வரை பில்லைப் பத்திரமாக வையுங்கள். டிஸ்க் ஏறியபின் பெரிய அப்டேட் ஒன்று இறங்கும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, போன் டேட்டாதான் என்றால் ஒரு நாள் டேட்டாவில் முடியாது. அதற்குத் தயாராக இருங்கள்.

இப்போது, அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயம். கூட்டாளிகள் எல்லோரும் பிஎஸ்4, எல்லோரிடமும் எஃப்சி 26 என்றால், வேறு வருட டிஸ்க்கை வைத்து அவர்களோடு ஆன்லைனில் ஆட முடியாது. அப்போது 26-ஐ வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அப்படியும் தீபாவளிக்கு முந்தின நெரிசலில் வாங்காதீர்கள். நவம்பர் கடைசி வாரம் உலகம் முழுக்க ஒரு தள்ளுபடி விற்பனை நடக்கும். வந்து இரண்டு மாதமே ஆன இந்த ஆட்டம் அதில் பாதி விலைக்கு இறங்குவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ஆன்லைனில் டவுன்லோடாக வாங்காமல் டிஸ்க்காக வாங்குங்கள். டவுன்லோடை விற்க முடியாது, டிஸ்க்கை விற்கலாம். விற்பதென்றால் அடுத்த ஆகஸ்ட்டுக்குள் விற்றுவிட வேண்டும், செப்டம்பரில் அடுத்தது வந்துவிட்டால் யாரும் சீந்த மாட்டார்கள். தீபாவளி அன்று பையன் கையில் எதுவும் இல்லாமல் போகிறதே என்று வருத்தமாக இருந்தால், போனஸில் இவ்வளவு உனக்கு, நவம்பர் கடைசியில் வாங்குவோம் என்று பணத்தையே உறையில் போட்டுக் கொடுங்கள். விலை குறைந்து மிச்சமாகும் தொகை அவனுக்கே என்று சொன்னால், தள்ளுபடி என்றைக்கு வருகிறது என்று உங்களை விடக் கவனமாக அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

பரீட்சையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் வாத்தியார் இல்லை, மிஷின் பார்ப்பவன். ஆனால் ஒன்று சொல்ல முடியும். மணிக்கணக்கு வைக்காமல் மேட்ச் கணக்கு வையுங்கள். ஆன்லைன் மேட்சில் ஒரு பாதி 6 நிமிடம், இடைவேளை எல்லாம் சேர்த்து ஒரு மேட்ச் கால் மணி நேரத்தில் முடியும். நடுவில் அணைத்தால் தோற்றதாகக் கணக்காகும். எட்டு மணிக்கு அணைத்துவிடு என்று நீங்கள் சமையலறையிலிருந்து கூப்பிடும்போது அவன் 70-ஆவது நிமிடத்தில் ஒரு கோல் முன்னிலையில் இருப்பான். அங்கேதான் வீட்டில் சண்டை ஆரம்பிக்கிறது. இன்றைக்கு இரண்டு மேட்ச் என்று பேசி வைத்தால் அந்தச் சண்டையே வராது. அல்டிமேட் டீமில் வார இறுதிப் போட்டி என்று ஒன்று உண்டு. ஒரே வார இறுதிக்குள் பதினைந்து இருபது மேட்ச் ஆடச் சொல்லும். பத்தாம் வகுப்பு முடியும் வரை அதைத் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லலாம். பரீட்சை வருடத்துக்கு ஏற்றது கேரியர் மோட்தான். தனியாக ஆடுவது, எந்த மேட்சுக்குப் பிறகும் சேமித்துவிட்டு எழுந்து போகலாம், உறையும் கிடையாது.

கேரியர் மோட் என்றதும் ஒன்று. கையில் இருக்கும் ஃபிஃபா 22-இல்தான் நாமே ஒரு கிளப்பை உருவாக்கி, பெயர் வைத்து, ஜெர்சி வடிவமைத்து ஆடும் வசதி முதன்முதலில் வந்தது. இந்திய சூப்பர் லீக் அணிகளும் அதில் உண்டு, சென்னையின் எஃப்சி உட்பட. 2019 மார்ச்சில் நம் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் கோப்பையைத் தூக்கியபோது, அதன் ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மன்சியின் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்தவன் நான். அந்த அணியை இந்த ஆட்டங்களில் தேடித் தேடிக் கிடைக்காமல், ஃபிஃபா 22 வந்ததும் நானே அதைக் கேரியரில் உருவாக்கி ஆடினேன். உங்கள் மகன் திருப்பூர் பெயரில் ஒரு கிளப் உருவாக்கியிருக்கிறானா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே செய்யட்டும். ஜெர்சிக்கு எந்தக் கலர் எடுக்கும் என்று சொல்ல அவனுக்கு உங்களை விட நல்ல ஆள் கிடைக்காது.

கடைசியாக, டிஸ்க்குக்கு முன்னால் மிஷினைக் கவனியுங்கள். திருப்பூரிலிருந்து சர்வீஸுக்கு வரும் பிஎஸ்4-களைத் திறந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். ஃபேனில் பஞ்சுத் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஆடும்போது மிக்ஸி ஓடுவது போலச் சத்தம் வருகிறதா? அப்படியானால் உள்ளே சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். புது ஆட்டம் போட்டால் இன்னும் சூடாகும், நடுவிலேயே அணைந்துபோகும். தூசி எடுத்து, உள்ளே சிப்பின் மேல் இருக்கும் பேஸ்ட்டை மாற்றினால் போதும், டிஸ்க் விலையில் கால்வாசிகூட ஆகாது. திருப்பூரிலேயே நல்ல சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள், கோவை வரை தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஸ்டிக்கைத் தொடாமலே வீரன் தானாக ஓடினால் கன்ட்ரோலரையும் கூடவே கொடுத்துவிடுங்கள். அழுத்திய பிறகு கொஞ்சம் தாமதமாக உதைக்கிறான், ஆட்டமே பழசாகிவிட்டது என்று பையன் சொன்னால், டிவி செட்டிங்கில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தாமதம் பாதி நேரம் டிவியில் இருக்கும். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருந்தால், பிஎஸ்4-ஐ அந்த அறையிலிருந்து மாற்றி வேறு அறையில் தரையிலிருந்து உயரமாக வையுங்கள். தூசி படும் என்று துணி போட்டு மூடுவீர்கள் என்றால், ஓடும்போது மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.